பின் சில்லுச் சங்கிலி

"சங்கிலி பின் சில்லுக்குத்தானே?"

பனியில் முழங்காலிட்டபடி மகேந்திரராஜா கேட்டார். கோட்டும் டையும் அணிந்த மனிதர். கையில், பனியில் சில்லு வழுக்காமலிருக்க அதன்மேல் மாட்டும் இரும்புச் சங்கிலி; மலையடிவாரப் பெற்றோல் ஷெட்டில் வாடகைக்கு எடுத்தது.

சிவபாலன் காரின் முன் சில்லுகளைப் பார்த்தான்.

வளைவில் தன் காரைத் திருப்பும்போதே அவன் கண்டுவிட்டான். மேட்டில் ஏறமாட்டாமல் மகேந்திரராஜாவின் மொறிஸ் கார் உறுமிக்கொண்டிருந்தது. பனியை வாரி இறைத்தவை அதன் முன் சில்லுகள். பின் சில்லுகள் அசையவேயில்லை.

யாழ்ப்பாணத்தில் அவர் ஓட்டியதும் மொறிஸ்தான். அது பழைய மைனர், பின் சில்லுகள் தள்ள ஓடுவது. மெல்பேர்னில் வாங்கிய இந்தப் புது மாதிரியை முன் சில்லுகள்தான் இழுக்கும். மொறிஸ் என்றால் மொறிஸ்தானே என்று அவர் இருந்துவிட்டார்.

காரை ஓட்டும் சில்லுக்குத்தான் சங்கிலி மாட்ட வேண்டும் என்பது சிவபாலனுக்குத் தெரியும். இதே மாதிரிக் கார் ஒன்றைப் பார்க்கப் போய், மெக்கானிக்கிடம் எல்லாம் கேட்டறிந்துவிட்டு, கடைசியில் பழைய ஹோல்டன் ஒன்றை வாங்கியவன் அவன்.

ஆனால் இந்த மலைக்கு அப்பால் ஒரு சிற்றூர் இருந்தது. அதன் ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு டாக்டர் தேவை. நேர்முகம் இன்றைக்கு.

வேலை கிடைத்தால் வீடும் கிடைக்கும். வீடு இருந்தால் யாழ்ப்பாணத்திலிருந்து யோகாவையும் மகளையும் கூப்பிட்டுவிடலாம். அவன் கப்பலேறியபோது யோகாவின் வயிற்றில் இருந்த மகள் இப்போது ஓடித் திரிகிறாளாம்.

நேர்முகத்தைப் பற்றி அவன் யாரிடமும் மூச்சு விடவில்லை. காரியம் சரிவருமுன் வாயைத் திறந்தால் கண்ணூறு பட்டுவிடும். மெல்பேர்னில் இருந்த தமிழ் டாக்டர்கள் எல்லோருமே அப்படித்தான். வேலை கையில் கிடைத்த பிறகு கேக்கோடு வந்து கதவைத் தட்டுவார்கள்.

மகேந்திரராஜாவும் டாக்டர்தான்; அதனால்தான் அவருடைய டையைக் கண்டதும், அவரும் அதே நேர்முகத்துக்குப் போகிறார் என்று அவன் முடிவுகட்டிவிட்டான்.

ஸ்னோ பார்க்க வந்ததாக அவர் சொன்னார். ஊருக்கு அனுப்பப் படம் எடுக்க வேண்டுமாம், அதற்குத்தான் இந்தக் கோலமாம். காருக்குள் அவர் மனைவி ரஞ்சினி, கூறைச் சேலைக்கு மேல் அவருடைய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு நடுங்கினாள்.

படமாம். ஆஸ்பத்திரி வீட்டைக் காட்ட மனைவியையும் அல்லவா கூட்டி வந்திருக்கிறார்! அவரிடம் இங்கிலாந்துப் பட்டம் வேறு இருந்தது.

"நீர் எங்க, டையும் கட்டிக்கொண்டு?" என்று அவர் கேட்டிருந்தார்.

"நானும் ஸ்னோ பாக்கத்தான், அண்ணை."

"அப்ப ஸ்னோவுக்கு இண்டைக்குக் கலியாணம் போல."

அவர் சிரித்த சிரிப்பும் அவனுக்கு நடிப்பாகவே பட்டது.

இப்போது சங்கிலியோடு அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம் அண்ணை, பின் சில்லுக்குத்தான்" என்றான் சிவபாலன்.

சொன்னதோடு நிற்கவில்லை. தானும் குனிந்து மாட்டிவிட்டான். விரல்கள் விறைத்தன. கொக்கி வழுக்கியது. ஆனாலும் இழுத்து இறுக்கினான். தன் வாழ்நாளில் எந்த வேலையையும் அவன் அவ்வளவு கவனமாகச் செய்ததில்லை.

ரஞ்சினி கண்ணாடியை இறக்கி, பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றி நீட்டினாள். கூடவே ஒரு கட்லட். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்குச் சோறு போடும் கை. மேலே போனதும் அவனையும் ஒரு படம் எடுத்து யோகாவுக்கு அனுப்பலாம் என்றாள்.

தேநீர் தொண்டையைச் சுட்டது. கட்லட்டைக் கடிக்காமல் பைக்குள் வைத்தான்.

"நல்ல காலம், நீர் வந்தீர்" என்று மகேந்திரராஜா அவன் தோளில் தட்டினார். "நீர் முன்னால போம். நாங்கள் பின்னால வாறம்."

ஹோல்டன், அடிவாரத்திலேயே மாட்டிய தன் சங்கிலிகள் கறகறக்க, மேட்டில் ஏறியது. வளைவு வரும்வரை சிவபாலன் பின்கண்ணாடியைப் பார்க்கவில்லை. பார்த்தபோது, மொறிஸ் நின்ற இடத்திலேயே நின்றது. முன் சில்லுகளிலிருந்து பனி தெறித்தது.

பனி இன்னும் அடர்த்தியாகக் கொட்டத் தொடங்கியிருந்தது.

அவன் வளைவைத் திரும்பினான்.

ஆஸ்பத்திரிக் குழுவின் தலைவர் செம்மறி வளர்க்கும் ஒரு கிழவர். கணப்பின் பக்கத்தில் கதிரை போட்டு அவனை உட்கார வைத்தார். எங்கே படித்தாய் என்றார். பிரசவம் பார்ப்பாயா என்றார். அதோடு கேள்விகள் தீர்ந்துவிட்டன. அடுத்தது, மனைவியும் பிள்ளையும் எப்போது வருவார்கள் என்பதுதான்.

சிவபாலனுக்கு விளங்கவில்லை. மற்றவர்களையும் பார்த்துவிட்டுத்தானே முடிவு சொல்வீர்கள் என்று கேட்டான்.

கிழவர் சிரித்தார். எந்த மற்றவர்கள்? மூன்று தரம் பத்திரிகையில் விளம்பரம் போட்டாயிற்று. மலைக்கு இந்தப் பக்கம் வர ஒருவருக்கும் மனமில்லை. விண்ணப்பித்தது அவன் ஒருவன்தான். இந்தப் பனியில் அவன் வரமாட்டான் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அடுத்த வாரம் வந்திருந்தாலும் வேலை அவனுக்குத்தான்.

வீட்டுச் சாவியை மேசையில் வைத்து அவன் பக்கம் தள்ளினார்.

சிவபாலன் அதைத் தொடவில்லை. எழுந்து நின்றான். ஜன்னலுக்கு வெளியே மலையே தெரியவில்லை.

ஊரில் யாரிடமாவது ட்ரக்டர் இருக்கிறதா என்று கேட்டான். மலைமேல் ஒரு கார் பனியில் சிக்கி நிற்கிறது, உள்ளே புருஷனும் பெண்சாதியும் இருக்கிறார்கள் என்றான்.

கிழவர் மறுபேச்சில்லாமல் எழுந்து கோட்டை மாட்டினார். தொப்பியைத் தேடி எடுத்தார். கதவைத் திறந்துகொண்டே, அந்த வழியால் போன ஒருவர்கூடவா நின்று உதவவில்லை என்று அவனைக் கேட்டார்.