சுடாத நெருப்பு

வெல்டிங் ராடு தகட்டில் ஒட்டிக்கொண்டது.

அவள் இழுத்தாள். வரவில்லை. ராடைக் கவ்விய ஹோல்டர் கையில் உறுமியது. ராடு முழுக்கச் சிவந்தது.

பதறி உதறினாள். பொறி ஒன்று தெறித்துச் சட்டைக் காலருக்குள் விழுந்தது.

ஹோல்டரைப் போட்டுவிட்டுத் துள்ளினாள்.

கம்பெனியின் வெல்டிங் கொட்டகையே சிரித்தது.

வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்த சூப்பர்வைசர் அவளுடைய ஐ.டி.ஐ. மார்க்கைத் திரும்பவும் பார்த்தார். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.

“ஏம்மா, இந்த மார்க்குக்கு நீதான் எங்களுக்குச் சொல்லித் தரணும். நெருப்பப் பாத்ததே இல்லையா நீ?”

பார்த்திருக்கிறாள். ஒரு வருஷம் முழுக்கப் பார்த்திருக்கிறாள்.

ஐ.டி.ஐ.யின் ஏசி அறையில். தலையில் மாட்டிய ஹெல்மெட்டுக்குள். திரையில்.

நீல நெருப்பு. புகை கிடையாது, நாற்றம் கிடையாது, சூடு கிடையாது. தப்புச் செய்தால் ஒரு பெண் குரல் ‘மீண்டும் முயற்சி செய்யவும்’ என்று குழைந்து சொல்லும்.

இங்கே யாரும் குழையவில்லை.

“அடுத்த ஆளு வா.”

பஸ்ஸில் கழுத்து எரிந்தது.

அம்மா சித்தாள். ‘எம் மவ கம்பெனியில வெல்டராகப் போறா’ என்று கலவை சுமக்கிற இடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். மேஸ்திரிகூட அதற்கப்புறம் அம்மாவை வாடி போடி என்று கூப்பிடுவதை விட்டிருந்தான்.

வீட்டு ஸ்டாப்பில் இறங்கவில்லை. நேராக ஐ.டி.ஐ.க்குப் போனாள்.

பிரின்சிபால் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“பழைய வெல்டிங் செட்டையெல்லாம் ஏன் சார் காயலான் கடைக்குப் போட்டீங்க? ஒருத்தருக்கு ஒரு ராடாவது உருக்கக் குடுத்திருக்கலாம்ல?”

அவர் கோபப்படவில்லை.

“உலகம் மாறுதும்மா. நாம மாற வேணாமா? ராடு மிச்சம், கரண்ட் மிச்சம். ஒரு புள்ளைக்குத் தீக்காயம் உண்டா, சொல்லு.”

அதில் அவருக்கு நிஜமாகவே பெருமை.

“விடு. அந்த மெஷின்ல உன்னளவு மார்க் எவன் எடுத்தான்? இங்கயே இரு. அடுத்த பேட்சுக்கு நீயே சொல்லிக் குடு.”

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

சரி சார் என்றாள்.

அம்மாவிடம், வேலை கிடைத்துவிட்டது என்றாள். என்ன வேலை என்று சொல்லவில்லை.

அந்தத் திரை மெஷின்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. கை எந்தச் சாய்வில் நிற்க வேண்டும், எவ்வளவு மெதுவாக நகர வேண்டும் என்று காட்டித் தந்ததே அதுதான். அதோடு படிப்பு முடிந்தது என்று கையெழுத்துப் போட்டார்களே, அந்தக் கைகளின்மேல்தான்.

சாயங்காலங்களில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கிரில் பட்டறைக்குப் போனாள். கூலி இல்லாத வேலை. பட்டறைக்காரர் திட்டத் திட்ட ராடை ஒட்டினாள், பிய்த்தாள், திரும்ப ஒட்டினாள். முழங்கை வரை கறுப்புப் பொட்டுகள் விழுந்தன. பொறி விழுந்தாலும் கை நகராத நாள் வந்தது.

பட்டறையில் கடன் வாங்கிய இரண்டு முகமூடி, இரண்டு ஜோடி கையுறை, கொஞ்சம் ராடு. எல்லாம் பையில் வகுப்புக்கு வந்தன. வகுப்பிலிருந்து வீட்டுக்குப் போயின. பையைத் திறக்க இத்தனை நாள் அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

அன்று வகுப்பில் அவளிடம் படிக்கிற ஜெயசீலி ஹெல்மெட்டைக் கழற்றினாள். திரையில் தொண்ணூற்றொன்று. வகுப்பே கைதட்டியது.

அந்தப் பெண்ணின் முகம் பூரித்துக் கிடந்தது.

“அக்கா, என்னைக் கம்பெனியில எடுத்துக்குவாங்கள்ல?”

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

“பின்னாடி ஷெட்டுக்கு வாங்கடி. எல்லாரும்.”

“அக்கா, வெளியூர்லேர்ந்து மெஷினப் பாக்க ஆளுங்க வந்திருக்காங்க. சார் இங்கதான் கூட்டியாருவார்.”

“வரட்டும்.”

ஷெட்டில் பழைய வெல்டிங் செட் ஒன்று மிச்சம் இருந்தது. இரும்புக் கழுதை. தூக்க ஆள் கிடைக்காமல் காயலான் கடைக்குத் தப்பியது. கேபிளை மாட்டினாள். ஒரு துருப்பிடித்த தகட்டை இழுத்துப் போட்டாள்.

மற்றவர்களைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னாள்.

“கண்ணு போயிடும். நான் சொல்ற வரைக்கும் எவளும் திரும்பக் கூடாது.”

கையுறைக்குள் ஜெயசீலியின் விரல்கள் தொளதொளத்தன. ஹோல்டரை வாங்கியவள் முகம் சுளித்தாள்.

“என்னக்கா இவ்வளவு கனம்?”

“இதான் கனம்.”

அவள் இரண்டு முகமூடிகளையும் இறக்கிவிட்டுச் சுவிட்சைத் தட்டினாள். செட் அடிவயிற்றிலிருந்து முனகியது. ஜெயசீலி ராடைத் தகட்டில் உரசினாள். ஒரு வெட்டு வெளிச்சம். கட்டிடத்து விளக்குகள் எல்லாம் ஒருமுறை மங்கி எழுந்தன.

வராந்தாவில் பிரின்சிபாலின் காலடிகள் ஓடி வந்தன.

“எவ அவ வெல்டிங் செட்ட ஆன் பண்ணது? அங்க திரையே அணைஞ்சு போச்சு! விருந்தாளி முன்னாடி மானத்த வாங்குறியா? இன்னியோட நீ வீட்டுக்குப் போயிடு!”

இருவரும் முகமூடியைத் தூக்கினார்கள். ஜெயசீலி நடுங்கிப்போய் வாசலைப் பார்த்தாள்.

“அங்க என்ன பார்வை? தகட்டப் பாரு.”

ஜெயசீலியின் முகமூடியை இறக்கிவிட்டாள். தன்னுடையதையும் இறக்கினாள். கறுப்புக் கண்ணாடிக்குள் பிரின்சிபால் இல்லை. வாசலும் இல்லை.

“ம். வை.”

நெருப்பு பிடித்தது.

இந்த முறை நின்றது. தகடு உருகி, சின்னக் குளம் போல் தளும்பி நகர்ந்தது. அதன் வெளிச்சத்தில், பொறி ஒன்று அந்தப் பெண்ணின் மணிக்கட்டில் போய் உட்கார்ந்ததைப் பார்த்தாள்.

ஜெயசீலியின் கை துடித்தது.

அவள் எட்டி அதைப் பிடிக்கவில்லை.

கை நகரவில்லை.