நடுச்சுவர்

ஹபீலா அளவு நாடாவின் ஒரு நுனியை ஹென்றியிடம் கொடுத்து, சுவரோடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னாள்.

அவர் குனிந்து பிடித்தார். முழங்கால் வலித்திருக்க வேண்டும். முகம் சுளித்தது. டொரதி அதைக் கண்டும் காணாதவள் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே குண்டசாலை ஊர் முழுக்கக் காலையிலிருந்தே விடாத தூறல்.

டிசைனரைக் கூப்பிடுவதா வேண்டாமா என்பதிலேயே ஒரு மாதம் போய்விட்டது.

இருக்கிற காசுக்கு டிசைனர் எதற்கு, நம்ம கிளறன்ஸ் பாஸ் போதுமே என்பது ஹென்றியின் கட்சி. கிளறன்ஸ் கைசுத்தமான மேசன்தான். ஆனால் அதே தெருக்காரர், அதே மாதா கோயிலுக்கு வருகிறவர், வாய் ஓயாதவர். டொரதி அவரை வேண்டவே வேண்டாம் என்றுவிட்டாள். தன்னோடு படிப்பிக்கிற ஒருத்தி சொல்லி, கட்டுகஸ்தோட்டையிலிருந்து இந்தப் பெண்ணை அவள்தான் வரவழைத்தாள். வந்து பார்த்து யோசனை சொல்வதற்குக் காசு வாங்குவதில்லை என்றதும் ஹென்றியும் ஒத்துக்கொண்டார்.

சின்ன வீடு. முன்னால் ஹோல், பின்னால் இரண்டு அறைகள், சமைக்க ஒரு குசினி, ஒரு பாத்ரூம். ஒரே மகளும் கல்யாணமாகி மட்டக்களப்புக்குப் போய்விட்டாள்.

நடுவில் சுவர் வைத்து வீட்டை இரண்டாக்க வேண்டும். அவ்வளவுதான் ஹபீலாவிடம் சொல்லியிருந்தார்கள்.

"வாடகைக்கு விட அனெக்ஸ்தானே டீச்சர், இப்ப எல்லாரும் செய்றாங்க. பல்லேகலைக்கு வேலைக்கு வாற பிள்ளைகள் எவ்வளவு பேர் வாடகைக்குத் தேடுறாங்க."

இருவரும் மறுக்கவில்லை.

அவள் கதிரையில் உட்கார்ந்து மடியில் காகிதத்தை வைத்து வரைந்தாள். ஹோலும் பெரிய அறையும் வீட்டுக்காரர்களுக்கு. பின்பக்கத்துச் சின்ன அறை வாடகைக்கு வருகிறவருக்கு. அதன் மூலையில் ஒரு அடுப்பு வைக்க மட்டும் இடம். இப்படிச் செய்தால் பாதிச் செலவில் முடியும் என்றாள்.

டொரதி படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள். கெட்டிக்காரப் பிள்ளை.

"இல்ல மகள், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும்."

"வாடகைக்காரருக்கு இவ்வளவு இடம் என்னத்துக்கு? உங்கட காசுதான் வீணாப் போகும்."

"ஒரே மாதிரி" என்றார் ஹென்றியும். அவர்கள் இருவரும் ஒரே கட்சியில் நின்று எத்தனையோ காலமாயிற்று.

ஹபீலா அழித்துவிட்டு மறுபடி வரைந்தாள். இரண்டு குசினி. இரண்டு பாத்ரூம். பாத்ரூம் சுவரில் பிடித்து எழும்ப ஒரு கம்பி வேண்டும் என்றாள் டொரதி. எந்தப் பக்கம் என்று ஹபீலா கேட்டாள். ரெண்டு பக்கமும் போட்டுருங்க என்றாள் டொரதி.

வேலை முழுவதையும் தானே எடுத்தால் இந்தக் காசு காணாது என்பதை ஹபீலா ஒளிக்கவில்லை. படத்தை மட்டும் சரியாக வரைந்து தரலாம், மாவில்மடையில் தனக்குத் தெரிந்த பாஸ் ஒருவர் அதைப் பார்த்துக் கட்டிக்கொடுப்பார் என்றாள். ஹென்றி டொரதியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அப்படியே முடிவாயிற்று.

"அப்ப மத்தப் பக்கத்துக்கு ஆள் பேசியாச்சா டீச்சர்? அவங்கட வசதியையும் கேட்டுட்டா நல்லம்."

ஹென்றி அதுவரை கையில் பிடித்திருந்த நாடாவின் நுனியை விட்டார். அது சரசரவென்று ஓடிப்போய்ச் சுருண்டது.

"வெளியாள் யாரும் வரல மகள். நாங்க ரெண்டு பேருந்தான். யாரு எந்தப் பக்கம்னுதான் இன்னும் பேசல" என்றாள் டொரதி.

ஹபீலாவின் பென்சில் நின்றது.

முதலில் கேட்டது டொரதிதான். சண்டை என்று ஒன்றும் இல்லை. சண்டை பிடிக்கவும் பேச வேண்டுமே. மாதா கோயிலில் கல்யாணத்தைப் பிரித்துவிட மாட்டார்கள். வீட்டை விற்றுப் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு அறைகூட வாங்க முடியாது. அதனால் ஒரு நாள் மத்தியானம் சோறு போடும்போது, நடுவில் ஒரு சுவர் வைத்துவிடலாமா என்று கேட்டாள். ஏன் என்று கேட்பார் என்று நினைத்திருந்தாள். கோபமாவது படுவார் என்று நினைத்திருந்தாள். ஹென்றி சோற்றைப் பிசைந்தபடியே "சரி" என்றார்.

அவ்வளவு சீக்கிரம் சொல்லிவிட்டாரே என்பதைத்தான் அவளால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

ஹபீலா படத்தின் நடுக்கோட்டில் பென்சிலை வைத்தாள். "நடுச்சுவரில ஒரு கதவு வைக்கலாம். யாருக்காவது சுகமில்லாமப் போனா, கூப்பிட."

"கதவுன்னா செலவு கூடுமே" என்றார் ஹென்றி, நிலத்தைப் பார்த்தபடி.

"கூடாது சேர். அவ்வளவு சுவர் குறையுதே. பின்னறைக் கதவையே கழட்டிப் போட்டா செலவே இல்ல."

அதற்குமேல் காரணம் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

டொரதி ஹென்றியைப் பார்த்தாள். அவரும் இப்போது அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எதையோ சொல்ல வாயைத் திறந்தார்.

அதைக் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"வேணாம் மகள்" என்று முந்திக்கொண்டாள்.

ஹென்றி திறந்த வாயை மூடிக்கொண்டார்.