பாக்குவெட்டி

சாதாரண நகவெட்டி என் கால் நகத்துக்கு ஆகாது. கொம்பு மாதிரித் தடித்துப்போன நகம். "காலை நீட்டுங்கப்பா, நான் வெட்டி விடுறேன்" என்பான் மகன் கதிரேசன். நீட்டமாட்டேன். போன வருஷம் நான் நினைவில்லாமல் கிடந்தபோது, என் கால் சுண்டுவிரலை எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவன் அவன். சர்க்கரைப் புண்ணாம், எடுக்காவிட்டால் உயிர் போயிருக்குமாம். இருக்கட்டும். என்னை எழுப்பிக் கேட்டானா?

இன்னொரு புண் வந்தால் முழங்காலோடு போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால்தான் என் காலை நானே பார்த்துக்கொள்கிறேன். இன்று கதவைச் சாத்திவிட்டு, செத்துப்போன என் பெண்டாட்டியின் பாக்குவெட்டிக்குள் பெருவிரல் நகத்தைக் கொடுத்து அழுத்தினேன். டக்கென்று விழுந்தது. வலியே இல்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

கதிரேசன் கதவைத் தள்ளினான். "உள்ள என்ன பண்றீங்க?"

"பாக்கு வெட்டுறேன்டா."

"வாயில ஒரு பல்லு இல்ல, பாக்கு ஒரு கேடா?"

சிரித்தவன் தரையைப் பார்த்து நிறுத்தினான். நானும் குனிந்தேன். கட்டிலுக்கு அடிவரைக்கும் சிவப்பாக ஓடியிருந்தது. வெற்றிலை எச்சில் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஐயோ, அப்பா" என்று என் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். நான் அவன் சட்டைப்பையில் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.