ஏழாம் நம்பர் கிணற்றின் அடைப்பு

"காந்தத்தை இன்னும் கொஞ்சம் இறக்குங்க!" என்று கத்தினாள் இன்ஜினீயர் மருமகள்.

இருபது வருடமாக மூடிக் கிடந்த எண்ணெய்க் கிணறு. இதில் இன்னும் லாபமாக எண்ணெய் எடுக்கலாம் என்று அடித்துச் சொன்னவள் அவள்தான். அடைப்பு இன்று எடுபடாவிட்டால் நாளை சிமென்ட் ஊற்றி நிரந்தரமாகச் சமாதி கட்டிவிடுவார்கள்.

யோசனை சொல்ல மாமனாரை அழைத்து வந்திருந்தாள். இதே கிணற்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"எவனோ ஒரு தூங்குமூஞ்சி எதையோ உள்ள போட்டுத் தொலைச்சிருக்கான்மா."

"யாரா இருக்கும் மாமா?"

"வேற யாரு? உங்க அத்தையோட தம்பிதான். அப்ப அவனும் இங்கதானே இருந்தான்! என் டூல்ஸ் பெட்டியிலேயே கை வச்சு ஸ்பேனரை அடிச்சிட்டுப் போன திருட்டுப்பய."

"அந்தப் பழைய கதைக்காக இருபது வருஷமா அவர் வீட்டு வாசப்படியை மிதிக்கலை. அத்தையையும் விடலை. போதும் மாமா."

"அவன் வந்து மன்னிப்பு கேக்கட்டும், பாக்கலாம்."

கயிறு சட்டென்று விறைத்தது.

"மாட்டிக்கிச்சு மேடம்!" என்றார் கிரேன்காரர்.

மெல்ல மெல்ல ஏற்றினார்கள். காந்தத்தோடு நீளமாக ஓர் இரும்பு வந்தது. பின்னாலேயே குமிழ் விட்டபடி எண்ணெய் எட்டிப் பார்த்தது. ஆளாளுக்கு விசிலடித்தார்கள்.

இரும்பைத் துணியால் துடைத்தவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு மாமனாரிடம் நீட்டினாள்.

ஒரு ஸ்பேனர். கைப்பிடியில் அவர் பெயர், அவரே பொறித்தது.

வெகுநேரம் தலையைச் சொறிந்தவர், கடைசியில் மெதுவாகக் கேட்டார்.

"மச்சான் நம்பர் உன்கிட்ட இருக்காம்மா?"