கல்யாணக் கூட்டத்தில் ஒருத்தி

தொலைந்துபோனதாக நினைத்திருந்த ஊமைப்படத்தின் ஒரு சுருள் மல்லேஸ்வரத்துப் பழைய வீட்டுப் பரணில் கிடைத்தது. நாயகி என்ன பேசுகிறாள் என்று தெரிந்துகொள்ள, அதைச் செப்பனிடும் கிஷோர் தமயந்தியை வரவழைத்தான். காது கேளாத அவள், உதட்டசைவிலேயே பேச்சைப் படித்துவிடுவாள்.

திரையில், கல்யாணக் கூட்டத்தின் நடுவே நாயகி சிரித்தபடி, "யாராவது இருக்கீங்களா?" என்றாள்.

தமயந்திக்கு மனசு கேட்கவில்லை. "இருக்கேம்மா," என்றாள்.

மறுநாள் கிஷோர் அதே சுருளை ஓட்டினான். அதே கூட்டம், அதே சிரிப்பு. உதடுகள் மட்டும், "நேத்து இருக்கேன்னு சொன்னது யாரு?" என்றன.

கிஷோர் அவள் பக்கம் திரும்பினான். "என்ன மேடம் சொல்றாங்க?"

"இன்னொரு தடவை போடுங்க."

"ஃபிலிம் பொடியுது மேடம். இதான் கடைசி."

கிஷோர் சுருளை மறுபடி ஓட்டினான். தமயந்தி எழுந்து, நாயகிக்குத் தன் முகம் தெரியும்படி திரையருகே போய் நின்றாள். கல்யாண வீட்டில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, நாயகி மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு அழுதாள்.