எஸ்தோனியாக்காரர்

உண்மை பேசுவது நார்வேக்காரர்களின் ரத்தத்திலேயே ஊறியது. எத்தனை பெரிய இக்கட்டிலும் அவர்கள் நாக்கு பிறழாது.

இப்படி ஊர்ப் பத்திரிகையில் அரைப் பக்கம் எழுதியவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஆஸ்முண்ட் ப்ரெக்கே. ஹாம்பர்க்கில் பஸ் ஏறிய நாலாவது நிமிடம், தான் எஸ்தோனியாக்காரன் என்று சொன்னவரும் அவர்தான்.

இக்கட்டு அப்படி. பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்த அம்மாளின் பையில் குட்டியாக ஒரு நார்வே கொடி குத்தியிருந்தது. வெளியூரில் சொந்த நாட்டுக்காரர் அகப்பட்டால் தொலைந்தது. எந்த ஊர், யார் வீடு என்று ஆரம்பித்து, பத்தே நிமிடத்தில் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சித்தப்பாவைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பிரஸ்ஸல்ஸ் போய்ச் சேர ஒன்பது மணி நேரம்.

"நீங்க நார்வேயா?" என்று அவள் நார்வேஜிய மொழியில் ஆசையாகத்தான் கேட்டாள்.

அவர் ஒன்றும் புரியாதவர் போல விழித்துவிட்டு, ஆங்கிலத்தில் எஸ்தோனியா என்றார். எஸ்தோனிய மொழி அவளுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்ற தைரியம்.

பிரஸ்ஸல்ஸில் மகள் மாரித்துக்குக் கல்யாணம். விமானம் ஏறுவது பூமிக்குச் செய்யும் துரோகம் என்பது ஆஸ்முண்டின் கொள்கை. அதனால் கப்பலும் பஸ்ஸும்.

முந்தின நாள் மாரித் போனில் கெஞ்சியிருந்தாள். "அப்பா, மாப்பிள்ளையோட அம்மாவும் கல்யாணத்துக்கு வர்றாங்க. பாவம், தனி ஆள். வழக்கம்போல மூஞ்சியத் தூக்கி வச்சுக்காம நாலு வார்த்தை பேசுங்கப்பா. எனக்காக."

பேசுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

எஸ்தோனியாவும் அவரைக் காப்பாற்றவில்லை. அம்மாளுக்கு ஆங்கிலம் வந்தது. தன் பெயர் யூருன் என்றாள். காகிதத்தில் சுற்றிய ரொட்டியைப் பிரித்து, மேலே பழுப்புச் சீஸ் வைத்து நீட்டினாள்.

"சாப்பிட்டுப் பாருங்க. உங்க ஊர்ல இது கெடைக்காது."

அறுபது வருடமாகத் தினமும் காலையில் தின்ற பண்டத்தை ஆஸ்முண்ட் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது என்ன என்று கேட்டார். அவள் அரை மணி நேரம் சொன்னாள்.

பிரேமன் தாண்டியதும் அவளுடைய போன் அடித்தது. பொத்தான் வைத்த பழைய போன். அவள் நார்வேஜிய மொழியில் பேசினாள், பக்கத்தில் இருப்பவருக்குத்தான் புரியாதே.

"மாரித், நீயாம்மா? இல்லம்மா, உங்கப்பாவக் காணோம். என் பக்கத்து சீட்டுதான் அவருக்குப் போட்டிருக்கேன்னு சொன்னியே, அதுல ஒரு எஸ்தோனியாக்காரர் உக்காந்திருக்கார். மாறி உக்காந்துட்டார் போல. எழுந்திருங்கன்னு எப்படிச் சொல்றது? நல்ல மனுஷர் வேற."

ஆஸ்முண்ட் மிச்ச ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி மடியில் வைத்தார்.

"பஸ்ஸப் போட்டோ எடுத்து அனுப்பினாரா? அப்போ இதுலதான் எங்கேயோ இருக்கார். நான் பாக்கறேன். நீ அழாத."

சொல்லிவிட வேண்டியதுதான். இப்போதே. வாயைத் திறந்தார். அதற்குள் அவரது கோட்டுப் பைக்குள் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். மாரித்.

"உங்க போன் அடிக்குதே?" என்றாள் யூருன்.

ராங் நம்பர் என்றார். அணைத்து வைத்தார்.

யூருன் தட்டுத் தடுமாறி முன்னால் போய் டிரைவரிடம் பேசினாள். டிரைவர் மைக்கில் இரண்டு முறை கூப்பிட்டார். மிஸ்டர் ப்ரெக்கே, மிஸ்டர் ஆஸ்முண்ட் ப்ரெக்கே, இருந்தால் கையைத் தூக்குங்கள்.

எல்லோரும் திரும்பிப் பின்னால் பார்த்தார்கள். ஆஸ்முண்டும் திரும்பிப் பின்னால் பார்த்தார்.

யூருன் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"என் சம்பந்திங்க. இன்னும் பாத்ததே இல்ல. பெரிய மனுஷராம், பேப்பர்ல எல்லாம் எழுதுவாராம். எப்படிப் பேசறதோன்னு ரெண்டு வாரமா எனக்கு உதறல். அவரும் உங்கள மாதிரி சாதுவா இருந்துட்டாப் போதும்."

பஸ் சாப்பாட்டுக்காக நெடுஞ்சாலையோரம் நின்றது. இருபது நிமிடம் என்றார் டிரைவர். யூருன் சாப்பிடப் போகவில்லை. கடைக்குள் தேடினாள். பெட்ரோல் போடும் இடத்தில் தேடினாள். புகை பிடித்துக்கொண்டிருந்த ஒவ்வொருவர் முகத்தையும் உற்றுப் பார்த்தாள். ஆஸ்முண்ட் பின்னாலேயே போனார். ஒவ்வொரு பத்தடிக்கும் ஒருமுறை சொல்லத் தொடங்கி, ஒவ்வொரு முறையும் இருமினார். நாலு மணி நேரத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் அது வேடிக்கை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் என்றால் மன்னிப்பு. இப்போது சொன்னால் அதற்குப் பெயர் என்ன என்றே அவருக்குத் தெரியவில்லை.

கடைசியாக ஆண்கள் கழிப்பறை வாசலில் அவள் நின்றுவிட்டாள்.

"உள்ள மயக்கம் கியக்கம் போட்டு விழுந்திருந்தா? நான் போக முடியாதே. நீங்க கொஞ்சம் பாத்துட்டு வர்றீங்களா? உங்க வயசுதான். கண்ணாடி போட்டிருப்பார். கொஞ்சம் முசுடாத் தெரிவாராம், பொண்ணே சொல்லுச்சு."

ஆஸ்முண்ட் உள்ளே போனார்.

மூன்று கதவுகள் இருந்தன. மூன்றையும் தட்டினார். நடுக் கதவுக்குள்ளிருந்து யாரோ ஜெர்மனில் திட்டினார்கள்.

கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, ப்ரெக்கே என்று யாரும் உள்ளே இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார்.