யாருக்குச் சாய்தளம்?

வியட்நாம் போரில் ஒரு காலை இழந்து வந்த ஹார்லன், முப்பது வருடமாக அந்தச் சிறிய ஊரின் நகர மன்ற உறுப்பினர். மன்றக் கட்டடத்துக்குச் சாய்தளம் வேண்டும் என்று ஆறு கூட்டங்களில் கேட்டார். ஆறிலும் எழுந்து எதிர்த்தவள், கூட்டத்துக்கு வரும் ஊர்க்காரி டோரீன்.

"உங்க கட்டைக்கால் சொகுசா ஏறணும்னு ஊர்ப் பணத்தைக் கொட்டணுமா?"

ஹார்லன் தன் காசில் பலகை வாங்கினார். சாய்தளத்தைத் தானே அடித்து முடித்தார்.

தேர்தல் நாள் வந்தது. இந்த முறை அவரை எதிர்த்து நின்றவளும் டோரீன்தான். வாக்குச்சாவடி அதே கட்டடத்தில். வேனிலிருந்து இறங்கிய ஹார்லன், வழக்கம்போல் படியேறிப் போய்க் கதவை அகலமாகத் திறந்து வைத்தார்.

டோரீன் சிரித்தாள். "நீங்களே படியில ஏறுறீங்க. அப்புறம் யாருக்கு இந்தக் கூத்து?"

அவர் வேனைக் காட்டினார். உள்ளே டோரீனின் அம்மா, மடித்த சக்கர நாற்காலியோடு. நடக்க முடியாமல் போனதிலிருந்து நாலு வருடமாக அவள் வாக்களிக்க வந்ததில்லை.

"ஹார்லன், இப்பவே சொல்லிட்டேன். என் ஓட்டு என் பொண்ணுக்குத்தான்."

"தெரியும், மிஸஸ் பெக். அதுக்கு நீங்க உள்ள போகணும்ல?"

நாற்காலியை விரித்து அவளை உட்காரவைத்து, சாய்தளத்தில் தள்ள அவர் குனிந்தபோது, டோரீன் ஓடிவந்து இன்னொரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.